ஏழு கல் தோடும் எட்டு முழ வேட்டியும்

“ஆதார் அட்டையில இருக்கிற மூஞ்சியைப் பெருசாக்கிச் சுவத்துல மாட்டிப்புடாதீங்க” என்று அப்பத்தா சொன்னதும் வீடே சிரித்தது. நான் காமிராவை எடுத்துவரப் போனேன். கல்யாணத்துக்காகக் கானாடுகாத்தான் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த நேரம். அப்பத்தா போட்ட நிபந்தனை இரண்டே இரண்டு. முகத்தில் சுருக்கம் தெரியக்கூடாது, காதில் ஏழு கல் வைரத்தோடு மின்ன வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று வளவு வாசலில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், நாற்காலியைப் போட்டேன். உச்சி வெயில். தோடு ஜொலித்தது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிதான் தெரிந்தது. சரி என்று தாழ்வாரத்துத் தேக்குத் தூணோரம் உட்காரவைத்து, எல்.இ.டி. விளக்கை நாலடியில் நிறுத்தினேன். “கண்ணு கூசுதுப்பா.” எட்டடிக்குத் தள்ளினேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும், அது தெரிந்ததுதான். மூக்கின் நிழல் கத்தியால் கீறினாற்போல் கூர்மையாகும் என்பதை மறந்துவிட்டேன். முகத்திலிருந்து பார்க்க விளக்கு எவ்வளவு பெரிதோ, நிழல் அவ்வளவு மெத்தென்று விழும். சூரியன் எவ்வளவு பெரிசு! ஆனால் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் நமக்கு அது ஒரு குட்டி விளக்கு. மேகம் மூடினால் வானமே விளக்காகிவிடும்.

மேகத்துக்கு எங்கே போவது? கொடியில் சித்தப்பாவின் எட்டு முழ வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் அதை மடித்து விளக்கின் மூஞ்சியிலேயே சுற்றினேன். வெளிச்சம் மங்கியதோடு சரி, விளக்கின் அளவு அதேதானே! அப்புறம்தான் இரண்டு தூணுக்கு நடுவே வேட்டியை விரித்துக் கட்டி, விளக்கை அதற்கு மூன்றடி பின்னால் வைத்தேன். வேட்டி முழுக்க வெளிச்சம் பரவி, ஆளுயர ஜன்னல் போல ஆகிவிட்டது. அப்பத்தாவுக்கு இருபது வயது குறைந்தது. தாடைக்கடியில் மட்டும் மஞ்சள்காமாலை வந்த மாதிரி ஒரு சாயல். ஆத்தங்குடிக் கல்லின் மஞ்சள், தரையிலிருந்து எகிறி முகத்தில் ஒட்டியிருக்கிறது. சித்தப்பாவின் இன்னொரு வேட்டியை எடுத்து அப்பத்தா காலடியில் விரித்தேன். மஞ்சள் போயிற்று.

கிணற்றடியிலிருந்து ஈரத்துண்டோடு வந்த சித்தப்பா, “என் வேட்டி எங்கடா?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

முகம் பிரமாதம். தோடுதான் கூழாங்கல் மாதிரி செத்துக் கிடந்தது. சுற்றிலும் ஒரே வெள்ளையாக இருந்தால் வைரத்தின் பட்டைகளெல்லாம் அந்த வெள்ளையையே காட்டும். மின்னுவதற்குச் சின்னதாக, சுளீரென்று ஒரு வெளிச்சம் வேண்டும். நகைக்கடையில் தலைக்கு மேல் குட்டிக் குட்டி விளக்காக வைப்பது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்ற பொடியனிடம் பேனா டார்ச்சைக் கொடுத்து, காதுக்கு மட்டும் அடிக்கச் சொன்னேன். சுருக்கமும் இல்லை, தோடும் மின்னியது. ஜெயித்துவிட்டேன்!

அப்பத்தா படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் காதைப் பெரிதாக்கச் சொன்னார்.

“ஆறுதான் மின்னுது.”

ஏழாவது கல் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு பொட்டு. கல் விழுந்திருக்கிறது.

அடுத்த அரைமணி நேரம் கல்யாண வீடே தவழ்ந்தது. வேட்டிக்குப் பின்னால் இருந்த விளக்கை எடுத்து, தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தேன். எதை ஒளித்துவைக்க அவ்வளவு பாடுபட்டேனோ, அந்தச் சாய்ந்த முரட்டு வெளிச்சத்தில் தூசி, அரிசிமணி, உதிர்ந்த மல்லிகை என்று எல்லாம் நிழலோடு எழுந்து நின்றன. காலடி வேட்டியின் மடிப்பில் ஒன்று மட்டும் பளிச்சிட்டது.

அப்பத்தா கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

“ஆதார் படமே இருக்கட்டும். அவன் வேட்டியைக் குடு, பாவம் குளிருது.”