பேரேட்டில் ஐந்தொகை எழுதாதீர்கள்: ஊருணிக் கணக்கு நோட்புக்குகளின் நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2025, திங்கள். காரைக்குடி

செட்டிநாட்டு வீடுகளின் கூரைப் பரப்பையும் மழையளவையும் கொண்டு, எந்த ஊருணிக்கு எவ்வளவு நீர் வரும் என்று பார்க்கும் ஜுபிட்டர் நோட்புக்குகள் (நிரலும் அதன் முடிவும் ஒன்றாக இருக்கும் ஃபைல்கள்) இந்த ரெப்போவில் (ஃபைல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைக்கும் ஃபோல்டர்) இருக்கின்றன. கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 800 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 20,000 லிட்டர். ஓடு குடிப்பதும் வழியில் சிந்துவதும் அதில் கழியும். நிரல் பத்து வரிதான். ஆனால் அந்த வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டில் டிஃப் எடுத்தால், அதாவது என்ன மாறியது என்று கேட்டால், திரை திரையாக ஓடுகிறது.

காரணம் ஃபைலுக்குள் இருக்கிறது. .ஐபிஒய்என்பி என்பது ஒரு ஜேசன் ஃபைல், பெயரும் மதிப்புமாக எழுதிய வெறும் உரை. ஒவ்வொரு நிரல் செல்லிலும் 'சோர்ஸ்' என்ற பகுதியில் நாம் எழுதியது இருக்கும். 'அவுட்புட்ஸ்' என்ற பகுதியில் ஓடியபின் வந்ததெல்லாம் இருக்கும். 'எக்ஸிக்யூஷன்_கவுண்ட்' எத்தனையாவது ஓட்டம் என்ற எண். படம் வரைந்தால் அந்த பிஎன்ஜி முழுவதும் பேஸ்64 எழுத்துகளாக மாறி 'அவுட்புட்ஸ்' உள்ளே உட்காருகிறது. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து, ஆகவே 300 கேபி படம் 400 கேபி ஆகும். பிஎன்ஜி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. கிட் மறுபடி அமுக்கினாலும் அந்தக் கூடுதல்தான் குறையும், படம் குறையாது. படத்தில் ஒரு கோடு நகர்ந்தாலும் பேஸ்64 பெரும்பகுதி மாறிவிடுவதால், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேமிக்கும் கிட்டின் வித்தையும் இங்கே எடுபடுவதில்லை. நாற்பது முறை கமிட் செய்தால் (மாற்றத்தை வரலாற்றில் பதிந்தால்) ஒரே படம் ஏறக்குறைய 12 எம்பி பிடித்துக்கொள்ளும்.

பேரேடு எழுதிய ஊர் இது. ஐந்தொகையைப் பேரேட்டிலிருந்து எடுப்பார்கள். பேரேட்டுப் பக்கங்களுக்கு நடுவே அதை எழுதிவைக்க மாட்டார்கள். இங்கே நிரல்தான் பேரேடு, அவுட்புட் ஐந்தொகை.

அக்டோபர் 7, செவ்வாய்

அவுட்புட்டில் என்னென்ன ஒட்டிக்கொள்கிறது என்று ஒரே ஒரு செல்லை எடுத்துப் பார்த்தோம். மேட்பிளாட்லிப் (பைதானில் படம் வரையும் நூலகம்) வரைபடம், அச்சுகளுக்குத் தமிழில் பெயர். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் இயல்பு எழுத்துருவான டெஜாவூ சான்ஸ் கைவிரிக்கிறது: 'கிளிஃப் 2965' இல்லை என்று எச்சரிக்கை. 2965 என்பது யூனிகோடில் 'க'. அடுத்தடுத்த எழுத்துக்கும் ஒவ்வொரு வரி. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, மேட்பிளாட்லிப்பிலும் அதைக் குறிப்பிட்ட கணினியில் அதே செல் ஓடினால் ஒரு எச்சரிக்கையும் இல்லை. இரண்டு பேர் மாறி மாறி கமிட் செய்தால் நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல் டிஃப் வந்துகொண்டே இருக்கும்.

அந்த எச்சரிக்கை வரியின் தொடக்கத்தையும் பாருங்கள். /டிஎம்பி/ஐபிஒய்கர்னல்_ என்று தொடங்கி ஒரு எண் வரும். அது அந்தக் கர்னலின் (பின்னணியில் செல்களை ஓட்டும் நிரல்) பிராசஸ் எண். கர்னலை மறுபடி தொடங்கினால் மாறும். வரைபடத்துக்கு முன்னால் சில சமயம் அச்சாகும் 0எக்ஸ்7எஃப் என்று தொடங்கும் நினைவக முகவரியும் அப்படித்தான்.

இதெல்லாம் தொல்லை மட்டும். ஆபத்து வேறிடத்தில். அட்டவணையின் தலைப்பகுதியைப் பார்க்க 'ஹெட்' என்று போட்டால் முதல் ஐந்து வரி அவுட்புட்டில் பதிகிறது. நம் அட்டவணையில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம், அவர் கைபேசி எண் என்ன என்ற பத்திகள் உண்டு. உரிமையாளர் வெளிநாட்டில், வீடு கானாடுகாத்தானில். அந்த ஐந்து வரி வெளியே போனால் திருடனுக்கு வழிகாட்டிப் பலகை வைத்தது போல. தரவு ஃபைலை .கிட்இக்னோரில் (கிட் ஏற்றக் கூடாதவற்றின் பட்டியல்) போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது, நோட்புக் அதன் நகலைச் சுமந்துகொண்டு போகிறது. ரெப்போ பிரைவேட் என்பதும் பதில் ஆகாது. பிரைவேட் ரெப்போவை ஒருநாள் திறந்துவிட்டால் வரலாறு முழுதும் சேர்ந்தே திறக்கும்.

அக்டோபர் 8, புதன்

'அவுட்புட் இருந்தால்தானே ஓடியதற்குச் சாட்சி' என்று ஒரு கேள்வி வந்தது. சாட்சி இல்லை. செல்களை முன்பின்னாக ஓட்டலாம், ஓட்டியபின் நிரலைத் திருத்தலாம். பழைய அவுட்புட் அப்படியே நிற்கும். எக்ஸிக்யூஷன்_கவுண்ட் 7, 3, 12 என்று குதித்தால் அப்படி நடந்திருக்கிறது என்று பொருள். சாட்சி வேண்டுமென்றால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் ஓட்டி எடுத்ததைத் தனியாக வைக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

இன்று ஃபில்டர் போட்டோம், கிட்டுக்குள் போகும் வழியில் அவுட்புட்டை உதறும் வடிகட்டி. கருவி என்பிஸ்ட்ரிப்அவுட். பிப் மூலம் நிறுவியபின் ரெப்போவின் உள்ளே நின்று:

என்பிஸ்ட்ரிப்அவுட் --இன்ஸ்டால் --அட்ரிபியூட்ஸ் .கிட்அட்ரிபியூட்ஸ்

இது இரண்டு இடத்தில் எழுதுகிறது. .கிட்அட்ரிபியூட்ஸ் ஃபைலில் 'நோட்புக்குகளுக்கு இந்த ஃபில்டர்' என்ற வரி. .கிட்/கான்ஃபிக் ஃபைலில் அந்த ஃபில்டர் என்றால் எந்தக் கட்டளை என்ற விளக்கம். கிட் ஆட் கொடுக்கும்போது (ஃபைலைக் கமிட்டுக்குச் சேர்க்கும்போது) 'கிளீன்' பக்கம் ஓடி அவுட்புட்டை உதறி உள்ளே அனுப்பும். வெளியே எடுக்கும்போது 'ஸ்மட்ஜ்' பக்கம் வெறும் கேட் கட்டளை, எதையும் தொடாது. நம் திரையில் இருக்கும் ஃபைலில் படங்கள் அப்படியே இருக்கும், கிட்டுக்குள் போவது மட்டும் மெலிந்து போகும். இதனால்தான் ஃபில்டர் முறையை முதலில் வைக்கிறோம்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவை தானாக மெலியாது. அதற்கு: கிட் ஆட் --ரீநார்மலைஸ் . பிறகு ஒரே ஒரு கமிட். அந்தக் கமிட்டில் வேறு எந்த மாற்றமும் கலக்காதீர்கள். பிறகு வரி வரியாக யார் எழுதியது என்று தேடும்போது இது குறுக்கே நிற்கும்.

சரிபார்க்க இரண்டு கட்டளை. 'கிட் செக்-ஆட்டர் ஃபில்டர்' என்று ஃபைல் பெயரோடு கேட்டால் ஃபில்டரின் பெயர் வர வேண்டும். 'கிட் ஷோ' கொடுத்து, ஃபைல் பெயருக்கு முன் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் ஸ்டேஜில் (ஆட் செய்தவை கமிட்டுக்குக் காத்திருக்கும் இடம்) உள்ளது அச்சாகும். அங்கே அவுட்புட்ஸுக்கு எதிரே வெற்று அடைப்புக்குறி மட்டும் இருக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

இந்த முறையின் பெரிய ஓட்டை: .கிட்அட்ரிபியூட்ஸ் குளோனோடு (ரெப்போவின் முழு நகல்) போகும், .கிட்/கான்ஃபிக் போகாது. பள்ளத்தூரில் ஒருவர் புதிதாக குளோன் எடுத்தால், ஃபில்டரின் பெயர் இருக்கும், பொருள் இருக்காது. கிட் அதைப் பிழை என்று சொல்வதில்லை. பேசாமல் அவுட்புட்டோடு உள்ளே ஏற்றிக்கொள்ளும். ஆகவே குளோன் எடுத்தவுடன் இன்ஸ்டால் கட்டளையை ஒருமுறை ஓட்டுவது ரீட்மீயின் முதல் வரியாக இருக்கட்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. இன்ஸ்டால் செய்யும்போது எந்தப் பைதானிலிருந்து ஓடியதோ அதன் முழுப் பாதை கான்ஃபிக்கில் பதிகிறது. அந்த வென்வை (பைதானுக்கான தனிச் சூழல் ஃபோல்டர்) அழித்துவிட்டால் கிட் ஆட் 'கிளீன் ஃபில்டர் தோற்றது' என்று நின்றுவிடும். அங்கே 'ரிக்வயர்ட்' ட்ரூ என்று இருப்பதால்தான் நிற்கிறது. எரிச்சலில் அதை ஃபால்ஸ் ஆக்கிவிடாதீர்கள். புதிய வென்விலிருந்து மறுபடி இன்ஸ்டால் கொடுத்தால் பாதை மாறிவிடும்.

அக்டோபர் 13, திங்கள்

புல் எடுக்கும்போது (மற்றவர்கள் ஏற்றியதை நம்மிடம் இழுக்கும்போது) கிட் 'உங்கள் உள்ளூர் மாற்றங்கள் அழிந்துவிடும்' என்று மறுக்கிறது. டிஃப் எடுத்தாலோ ஒன்றும் இல்லை. இரண்டும் உண்மைதான். டிஃப் மெலிந்த வடிவத்தைப் பார்க்கிறது, மெர்ஜ் (இரு பக்க மாற்றங்களையும் சேர்ப்பது) டிஸ்கில் கிடக்கும் கனத்த ஃபைலைப் பார்க்கிறது. வழி: அந்த ஃபைலின் மேல் என்பிஸ்ட்ரிப்அவுட்டை நேராக ஓட்டி அவுட்புட்டை நீக்கிவிட்டு புல் எடுங்கள். அவுட்புட் வேண்டுமென்றால் அதற்கு முன்பே ஒரு எச்டிஎம்எல் நகல் எடுத்துவிடுங்கள்.

முடியாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் ஸ்டாஷும் அப்படியே. ஸ்டாஷுக்குள் போவது மெலிந்த வடிவம். பாப் செய்தால் நிரல் திரும்பும், படங்கள் திரும்பாது. ஓடி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும் நோட்புக்கில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம், முன்பே தெரிந்திருக்கட்டும். நேரம் பிடிக்கும் கணக்கின் முடிவைப் பார்க்கே ஃபைலாக (அட்டவணையைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) எழுதி, இக்னோர் செய்த ஃபோல்டரில் வையுங்கள்.

அக்டோபர் 15, புதன்

பிரீ-கமிட் ஹூக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் கட்டளை) போட்டால் போதாதா? அது வேறு குணம். ஹூக் ஸ்டேஜில் உள்ள ஃபைலை டிஸ்கிலேயே திருத்தும், முதல் கமிட் தோற்கும், மறுபடி ஆட் செய்து கமிட் செய்ய வேண்டும். திரையில் உள்ள படமும் போய்விடும். ஜுபிட்டரில் அந்த நோட்புக் திறந்திருந்தால், அடுத்த சேமிப்பில் 'ஃபைல் டிஸ்கில் மாறியிருக்கிறது' என்று கேட்கும். அங்கே ஓவர்ரைட் கொடுத்தால் உதறியதெல்லாம் திரும்பி வந்து உட்காரும். ஹூக்கும் ஒவ்வொரு குளோனிலும் தனியாக நிறுவ வேண்டியதுதான், அதில் லாபம் இல்லை.

காவல் வைக்க வேண்டிய இடம் சிஐ, அதாவது சர்வரில் தானாக ஓடும் சோதனை. புஷ் வந்தவுடன் (யாராவது தம் கமிட்டுகளைச் சர்வருக்கு ஏற்றியவுடன்) எல்லா நோட்புக் மீதும் என்பிஸ்ட்ரிப்அவுட் --வெரிஃபை ஓடட்டும். ஒன்றில் அவுட்புட் இருந்தாலும் சிவப்பு. ஃபில்டர் நம் வசதிக்கு, சிஐதான் சட்டம்.

அக்டோபர் 17, வெள்ளி

ஃபில்டர் பிடிக்காதவை, பிடிக்கக் கூடாதவை.

மார்க்டவுன் செல்லில் படத்தை இழுத்துப் போட்டால் அது 'அட்டாச்மென்ட்ஸ்' என்ற பகுதியில் பேஸ்64 ஆகப் போகும். அது அவுட்புட் அல்ல, ஆகவே ஃபில்டர் தொடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்தின் கைபேசிப் படம் ஒன்றே பல எம்பி. படத்தை ஃபைலாக வைத்து இணைப்புக் கொடுங்கள்.

'லாங்குவேஜ்_இன்ஃபோ'வில் பைதானின் பதிப்பு எண் இருக்கும். ஒருவரிடம் 3.12.3, இன்னொருவரிடம் 3.12.7 என்றால் அந்த வரி மட்டும் ஊஞ்சலாடும். கிட் கான்ஃபிக்கில் என்பிஸ்ட்ரிப்அவுட்டின் 'எக்ஸ்ட்ராகீஸ்' என்ற அமைப்பில் மெட்டாடேட்டா.லாங்குவேஜ்_இன்ஃபோ என்று சேர்த்தால் அதுவும் உதிரும்.

வேண்டுமென்றே வைக்க வேண்டிய அவுட்புட் இருந்தால் அந்தச் செல்லுக்கு 'கீப்_அவுட்புட்' என்ற டேக். வரைபடம் ஒன்றுக்குச் சரி. அட்டவணைக்கு ஒருபோதும் வேண்டாம்.

அக்டோபர் 22, புதன்

இன்னொரு வழி ஜுபிடெக்ஸ்ட். நோட்புக்கைக் கிட்டில் வைக்காமலே விட்டு, அதன் இணையான .பிஒய் ஃபைலை மட்டும் வைப்பது. ஒவ்வொரு செல்லும் '# %%' என்ற வரியால் பிரியும். டிஃப் கண்ணுக்கு இதமாக இருக்கும், மெர்ஜ் மோதினாலும் ஜேசன் உடைந்து நோட்புக் திறக்காமல் போகாது. ரெப்போவின் வேரில் ஜுபிடெக்ஸ்ட்.டாமல் ஃபைல் வைத்து, 'ஐபிஒய்என்பி, பிஒய்:பர்சென்ட்' என்று ஒரே வரி எழுதினால் எல்லா நோட்புக்கும் இணையாகிவிடும்.

நிரலை .பிஒய் தரும், அவுட்புட்டை உள்ளூர் .ஐபிஒய்என்பி தரும். புல் எடுக்கும் முன் நோட்புக்கை மூடிவிடுங்கள். திறந்தே கிடந்தால் பழைய செல்கள் புதிய .பிஒய் மீது சேமிக்கப்படலாம். .பிஒய் தலையில் ஜுபிடெக்ஸ்டின் பதிப்பு எண்ணும் எழுதப்படும். எல்லாரும் ஒரே பதிப்பு வைத்துக்கொள்ளாவிட்டால் பழைய ஊஞ்சல்தான்.

நாலைந்து பேர் ஒரே நோட்புக்கைத் தொட்டால் ஜுபிடெக்ஸ்ட். ஆளுக்கு ஒன்று என்றால் ஃபில்டர் போதும்.

அக்டோபர் 24, வெள்ளி

பழைய வரலாறு. இனிமேல் ஏறாமல் தடுத்தாயிற்று, ஏறியது அங்கேயே இருக்கிறது. 'கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் -விஎச்' கொடுத்து, சைஸ்-பேக் என்ற வரியைப் பாருங்கள். கனம் மட்டும்தான் குறை என்றால், தாங்கும்வரை விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து.

கைபேசி எண்ணோ ஏபிஐ சாவியோ (இணையச் சேவையைத் திறக்கும் ரகசிய எழுத்துகள்) ஏறியிருந்தால் விட முடியாது. சாவி என்றால் முதல் வேலை அதை ரத்து செய்து புதியது வாங்குவது. வரலாற்றைக் கழுவுவது இரண்டாவது. கழுவ கிட் ஃபில்டர்-ரெப்போ. அதனுடன் வரும் எடுத்துக்காட்டுகளில் 'லின்ட்-ஹிஸ்டரி' என்ற ஸ்கிரிப்ட், பழைய ஒவ்வொரு நோட்புக் பதிப்பையும் என்பிஸ்ட்ரிப்அவுட் வழியாக ஓட்டித் தரும். புதிதாக எடுத்த குளோனில் மட்டும் செய்யுங்கள். முடிந்ததும் 'ஆரிஜின்' (சர்வரில் உள்ள ரெப்போவின் முகவரி) நீங்கியிருக்கும், அது வேண்டுமென்றே செய்வது. சரிபார்த்தபின் மறுபடி சேர்த்து ஃபோர்ஸ் புஷ்.

எல்லா கமிட் எண்களும் மாறிவிடும். பழைய குளோன் வைத்திருக்கும் ஒருவர் வழக்கம்போல் மெர்ஜ் செய்து புஷ் கொடுத்தால் கழுவியதெல்லாம் திரும்ப வரும். ஆகவே நாள் குறித்து, எல்லாரும் கையில் உள்ளதைப் புஷ் செய்து, பழைய குளோனை அழித்து, புதிதாக எடுக்க வேண்டும். ஃபோர்க்குகளிலும் பழைய புல் ரிக்வெஸ்ட்களிலும் நகல் எஞ்சியிருக்கும்; சாவியை முதலில் ரத்து செய்யச் சொன்னது இதனால்தான்.

அக்டோபர் 27, திங்கள்

ஊருணி வாரியான முடிவைப் பார்க்க வேண்டியவர்கள் நோட்புக்கைத் திறக்கப் போவதில்லை. அவர்களுக்கு எச்டிஎம்எல்: என்பிகன்வர்ட் கட்டளையில் --டு எச்டிஎம்எல், --எக்ஸிக்யூட், --நோ-இன்புட் மூன்றும் கொடுத்தால் மேலிருந்து கீழ்வரை ஓட்டி, நிரலை மறைத்து, முடிவை மட்டும் தரும். நடுவில் ஒரு செல் தோற்றால் ஃபைலே வராது. 8ஆம் தேதி கேட்ட சாட்சி இதுதான். ஃபைல் பெயரில் தேதியும் கமிட்டின் முதல் ஏழு எழுத்தும் இருக்கட்டும். இந்த ஃபோல்டரும் .கிட்இக்னோரில்.

அனுப்பும் முன் சாவி வைத்திருப்பவர் பத்தி அதில் இல்லை என்று பிரவுசரில் ஒருமுறை தேடிப் பாருங்கள். '+91' என்றும் தேடுங்கள், முன்னால் எதுவும் இல்லாமல் 6, 7, 8, 9 என்று தொடங்கும் பத்து இலக்கங்களையும் தேடுங்கள். எண்ணை இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள்.