அம்பு இல்லாத செபஸ்தியார்: ஓட்டுச் சில்லுகளில் ஒரு முயற்சி

உடைந்த தரை ஓடுகளைக் கொண்டு புனித செபஸ்தியாரின் உருவத்தைப் பலகையில் பதிக்கத் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகின்றன. பலகை ஒன்றரை அடி உயரம், ஓரடி அகலம். முதலில் வரைந்து வைத்திருந்தது எல்லோருக்கும் பழகிய கோலம்தான்: மரத்தில் கட்டுண்ட இளைஞர், உடலெங்கும் தைத்த அம்புகள். மாதிரி தேடும்போது, உரோமையில் சங்கிலிகளின் புனித பேதுரு ஆலயத்தில் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிக்கப்பட்ட உருவத்தின் படம் கிடைத்தது. அதில் அரசவை உடையணிந்த, நரைத்த தாடியுள்ள பெரியவர் ஒருவர் நிற்கிறார். அம்பின் சுவடே இல்லை. வரைந்ததை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

வரலாற்றைப் படித்தபோது இந்த மாற்றம் சரியென்றே பட்டது. 354ஆம் ஆண்டின் உரோமை வேதசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர் நீத்தவர்கள்) பட்டியல் அவருடைய பெயர், நினைவு நாளான சனவரி 20, அடக்க இடம் ஆகியவற்றை மட்டுமே தருகிறது. அவர் மிலானைச் சேர்ந்தவர் என்பதை அந்நகரின் ஆயராயிருந்த புனித அம்புரோஸ் சொல்கிறார். நாம் கேட்டு வளர்ந்த கதை 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாற்றிலிருந்து வருவது. அதிலும் அம்புகள் அவரைக் கொல்வதில்லை. உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியனின் மெய்க்காவல் படை அதிகாரியாக இருந்துகொண்டே சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைத் திடப்படுத்திய அவரை வில்லாளர்கள் எய்துவிட்டுப் போன பிறகு, உடலை அடக்கம் செய்ய வந்த இரேனே என்ற கைம்பெண் உயிர் இருப்பதைக் கண்டு, தம் வீட்டில் வைத்துக் காயங்களை ஆற்றுகிறார். குணமானவர் தப்பி ஓடாமல் பேரரசர் முன் சென்று நின்று கண்டிக்கிறார். தடியால் அடித்தே கொன்று, உடலைச் சாக்கடையில் எறிகிறார்கள். லூசினா என்ற பெண்மணி அதை மீட்டு, ஆப்பியா சாலையோரச் சுரங்கக் கல்லறையில் அடக்கம் செய்கிறார்.

680இல் இத்தாலியின் பாவியா நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது செபஸ்தியாருக்குப் பீடம் எழுப்பியதும் நோய் நீங்கியதாக 8ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பவுல் தியாக்கோன் எழுதினார். கொள்ளைநோய்க்கு அவரிடம் மன்றாடும் வழக்கம் அதன்பின் எங்கும் பரவியது. அம்பு தைத்த இளைஞரை நம் மனத்தில் பதித்தவர்கள் பின்னால் வந்த ஓவியர்கள்; 15ஆம் நூற்றாண்டு இத்தாலியரான மந்தேஞ்ஞா ஒருவரே அவரை மூன்று முறை தீட்டியிருக்கிறார்.

இனி வேலைக்கு வருகிறேன். உடைக்கு ஒரு சென்டிமீட்டர்ச் சில்லுகள் போதுமானவை. முகத்துக்கு அதில் பாதி வேண்டும். அந்த அளவுக்கு ஓடுகளை வெட்டும்போது மூன்றில் ஒன்று பொடியாகிவிடுகிறது. முதல் கன்னத்தைச் சுவர் கட்டுவதுபோல் நேர் வரிசையில் பதித்தேன், முகம் தட்டையாகிவிட்டது. பெயர்த்தெடுத்து, எலும்பின் வளைவைப் பின்பற்றி வரிசைகளை வளைத்த பிறகுதான் கன்னம் கன்னமாகத் தெரிந்தது. தாடியில் இன்னொரு தவறு செய்தேன். வெள்ளைச் சில்லுகளுக்கிடையே வெள்ளைச் சிமெண்டையே பூசியதால், தாடி பஞ்சுப் பொதி போல் ஆயிற்று. இரண்டு மாலைகள் ஊசியால் சுரண்டி எடுத்துச் சாம்பல் நிறக் கலவையை நிரப்பினேன். நரையைத் தந்தது ஓடு அல்ல, இடுக்கில் நிரம்பிய கலவைதான்.

சென்ற வாரம் பார்க்க வந்த பெரியம்மா, செபஸ்தியார் கோவில் நவநாள் வழிபாட்டைத் தவறவிடாதவர், நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அம்பு எங்கே தம்பி? இது யாரோ தாத்தா மாதிரி அல்லவா இருக்கிறது?” என்றார். இரேனேயின் கதையைச் சொன்னேன். “அம்பைப் பிடுங்கிய பிறகு உள்ள கோலம் என்று சொல்” என்று அவராகவே ஏற்றுக்கொண்டார். ஆனாலும் பெயர் எழுதாமல் யாருக்கும் தெரியாது என்றார். உரோமை உருவத்திலும் பெயர் பொறித்திருக்கிறார்கள். ஆகவே வலப்புறம் ஒரு பட்டை விட்டு, எழுத்துகளை மேலிருந்து கீழாகப் பதித்து வருகிறேன். சதுரச் சில்லுகளுக்குத் தமிழ் எழுத்தின் சுழிகள் எளிதில் வசப்படுவதில்லை. ‘ஸ்’ ஒன்றே ஓர் இரவைத் தின்றது. ‘செபஸ்தி’ வரை முடிந்துவிட்டது. பெரியம்மா கேட்ட அந்த ‘யார்’ மட்டும் பாக்கி.