அப்பப்பாவின் கல்லூரிக் காலத்தைத் தேடியபோது

அப்பப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு அவருடைய கல்லூரிக் காலத்தை எழுதித் தரும்படி வீட்டில் கேட்டபோது, ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை என்றே எண்ணினேன். அவர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஆண்டில் சேர்ந்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. பள்ளி விடுகைப் பத்திரம் 1995 போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டது.

கல்லூரியின் வரலாறு எளிதாகக் கிடைத்தது. எழுதுபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பள்ளி தொடங்கியது 1850இல் என்றாலும், புனித பத்திரிசியார் என்ற பெயர் 1881இல்தான் வந்தது. இரண்டையும் ஒரே ஆண்டாக எழுதிய பழைய மலர்களைப் பார்த்து நானும் முதலில் தவறாக எழுதியிருந்தேன்.

துன்பம் பெயரில் தொடங்கியது. பிறந்த திகதியை உறுதிப்படுத்த ஓர் அலுவலகத்துக்குப் போய், பிரான்சிஸ் சேவியர் என்று எழுதிக் கொடுத்தேன். "தம்பி, அந்தப் பேரிலை ஒருத்தரும் இல்லை" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார்கள். வேறு பெயரில் பதிந்திருக்கலாம் என்றோ, பிறப்பைப் பதிந்த பகுதியின் பதிவுப் பிரிவு தெரிந்தால்தான் தேட முடியும் என்றோ அன்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து இரண்டு பேருந்து மாறி மறுபடி போனபோதுதான் பிரிவைக் கேட்டார்கள். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பயணம் மிச்சமாகியிருக்கும் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

விடை எங்கள் பங்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தது. இலத்தீனில் சவேரியுஸ் என்றும், பக்கத்தில் தமிழில் சவிரிமுத்து என்றும் எழுதியிருந்தது. ஒரே புனிதரின் பெயர்தான் வீட்டில் சவிரிமுத்து, கல்லூரியில் பிரான்சிஸ் சேவியர். பழைய கத்தோலிக்க மாணவர் ஒருவரைத் தேடுபவர்கள் இந்த எல்லா வடிவங்களையும் எழுதிக்கொண்டுதான் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும்.

சேர்ந்த ஆண்டு அப்போதும் தெரியவில்லை. பரிசளிப்பு விழாச் செய்திகளைப் பழைய பத்திரிகைகளில் பார்க்கலாம் என்று நினைத்தேன். அத்தகைய தொகுப்புகள் இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகமோ 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நூலகம் எழுவதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவர் பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த அயர்லாந்துக் குரு லோங் அடிகளார். அவருடைய சிலை நூலக முன்றலில் நிற்கிறது. அது எரிவதைக் கல்லூரி மாடியிலிருந்து கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். அப்பப்பா இந்த இருவரையும் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். அவருடைய மலருக்கான ஓர் ஆண்டைத் தேடப்போய் நானும் அதே இழப்பின் முன் வந்து நின்றபோது, அந்தத் தாழ்ந்த குரலின் பொருள் எனக்குப் புரிந்தது.

இருபத்திரண்டாம் நாள் சின்ன மாமி தன் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தந்தார். நீலத் துணி அட்டை. ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. உள்ளே ஒட்டியிருந்த பரிசுச் சீட்டில் ஃபிதே எத் லபோரே, அதாவது விசுவாசத்தாலும் உழைப்பாலும் என்ற கல்லூரியின் விருதுவாக்கு. கீழே அப்பப்பாவின் பெயர், வகுப்பு, 1943, மங்கிய மையில் லோங் என்ற கையொப்பம். ஆண்டும் வகுப்பும் கையில் இருந்ததால் கல்லூரியின் சேர்வு இடாப்பில், அதாவது மாணவர் சேர்க்கைப் பதிவேட்டில், அரை மணி நேரத்தில் அவரைக் கண்டுபிடித்துவிட்டோம்.

பரிசுப் புத்தகங்களை யாரும் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள். முதலில் அட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அச்சகத்துக்கு மலரை அனுப்பும்போது அந்தச் சீட்டின் படத்தை முதற்பக்கத்தில் வைத்து, அதன் கீழே சவிரிமுத்து பிரான்சிஸ் சேவியர் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதினேன்.