தடைக்காலத்துக்கு ஏற்ற சில தொடர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, இராமேசுவரத்திலிருந்து மண்டபம் வரை வீட்டிலிருக்கும் ஆண்களின் எண்ணிக்கை திடீரெனக் கூடிவிடுகிறது. வலையைச் சரிபார்ப்பதும் படகுக்குச் சாயம் அடிப்பதும் பகலோடு முடிந்துவிடுவதால், இரவில் என்ன சீரிஸ் பார்க்கலாம் என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்கத் தொடங்குவது வழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவைப்பது எளிது.

தொடர்களைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. கதை நடக்கும் ஊரை மாற்றிவிட்டு வேறோர் ஊரை வைத்தால் அந்தக் கதை நிற்குமா என்று பார்ப்பேன். நின்றுவிட்டால், அந்த ஊர் நடிகர்களுக்குப் பின்னால் கட்டிய படுதா மட்டுமே. நிற்காவிட்டால் அந்தத் தொடருக்கு இரவுத் தூக்கத்தைக் கொடுக்கலாம்.

அவ்வகையில் முதலில் சொல்ல வேண்டியது, நெட்பிளிக்ஸில் 2025ஆம் ஆண்டு வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்' என்னும் கொரியத் தொடர். மொத்தம் 16 பகுதிகள். கொரியாவின் தெற்கே உள்ள ஜெஜு தீவில் பிறந்து, கவிஞராக வேண்டும் என்று கனவு காணும் ஏ-சுன் என்ற பெண்ணின் வாழ்க்கையையும், சிறுவயது முதல் அவளையே சுற்றிவரும் குவான்-சிக் என்ற அதிகம் பேசாத மனிதனின் வாழ்க்கையையும் பல பத்தாண்டுகளுக்கு விரித்துச் சொல்கிறது. ஏ-சுன்னின் தாய், ஆக்சிஜன் உருளை எதுவுமின்றி மூச்சை அடக்கிக் கடலடியில் சிப்பி எடுக்கும் 'ஹேன்யோ' பெண்களில் ஒருத்தி. அந்தப் பெண்களின் மரபை யுனெஸ்கோ 2016இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்மாவைத் தன்னிடம் விடாமல் நாளெல்லாம் கடலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சிப்பியின்மேல் கோபப்பட்டு ஒரு சிறுமி எழுதும் கவிதை தொடரின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தொடரை நிறுத்த மனம் வருவதில்லை.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சிகளில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தீவுகளைச் சுற்றியுள்ள தென்கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் அவர்களும் மூச்சையே முதலாக வைத்துத் தொழில் செய்பவர்கள்தாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு அந்தத் தொழிலைச் செய்வதே சட்ட வழக்கில் மாட்டும் வேலையாகிவிட்டது என்பது தனிக்கதை. அவர்களைப் பற்றித் தமிழில் இப்படி ஒரு நெடுந்தொடர் ஏன் வரவில்லை என்ற ஆதங்கம் பார்த்து முடிக்கும்வரை எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

இந்தத் தொடரில் படகைக் காட்டியிருக்கும் விதமும் என்னைக் கவர்ந்தது. குவான்-சிக் முதலில் மற்றொருவனின் படகில் கூலிக்குப் போய் அவமானப்படுகிறான். பிறகு ஏ-சுன்னின் பாட்டி தன் சேமிப்பைக் கொடுக்க, சொந்தப் படகு வருகிறது. படகு என்பது ஒரு குடும்பத்தின் கடனும் மானமும் சேர்ந்த பொருள் என்பதைக் கடலோரத்தில் வளராத ஒருவர் எழுதியிருக்க முடியாது என்றே முதலில் தோன்றும். ஏ-சுன், குவான்-சிக் இருவரின் மகள் படிப்புக்காக சியோலுக்குப் போன பிறகு வரும் பகுதிகளில் அந்த இறுக்கம் குறைகிறது. அலுவலகமும் காதலும் மாமியாராக வரப்போகிறவரின் ஏளனமும் வேறு பல கொரியத் தொடர்களில் பார்த்தவை. அந்த இடங்களைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிடுங்கள்.

இது பிடித்துப்போனவர்கள் அதே ஜெஜு தீவில் நடக்கும் 'அவர் புளூஸ்' (2022, 20 பகுதிகள்) தொடரையும் நெட்பிளிக்ஸில் பார்க்கலாம். ஒரே நாயகன் நாயகி என்றில்லாமல், மீன்கடைக்காரப் பெண், படகோட்டி, கடலில் மூழ்கும் பெண், ஒரு கிழவி எனச் சில பகுதிகளுக்கு ஒருவராகக் கதை கைமாறிக்கொண்டே போகும். விடியற்காலை ஏலக்கூடத்தின் இரைச்சலைப் பழகியவர்களுக்கு அந்த மீன்சந்தை அந்நியமாக இராது.

தமிழுக்கு வந்தால், அமேசான் பிரைமில் புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய 'சுழல்' தொடரின் முதல் பருவத்தை (2022) தயங்காமல் பரிந்துரைப்பேன். சிமெண்ட் ஆலை ஒன்றில் வேலைநிறுத்தம், தீ விபத்து, காணாமற்போன ஒரு பெண் என்று தொடங்கும் கதை, மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்களோடு சேர்ந்து நகர்கிறது. திருவிழாவை எடுத்துவிட்டால் கதை நொண்டும். ஆகவே என் அளவுகோலில் அது தேறிவிட்டது. 2025இல் வந்த இரண்டாம் பருவம் நம் கடற்கரைக்கே வருகிறது என்பதால் நான் ஆவலோடு காத்திருந்தேன். காளிபட்டினம் என்னும் கற்பனை ஊர், குலசேகரன்பட்டினத் தசராவை நினைவூட்டும் அட்டகாளித் திருவிழா, கொலையுண்ட ஒரு வழக்கறிஞர், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எட்டு இளம்பெண்கள் என்று அமைப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடல் அழகாகத் தெரிகிறதே ஒழிய, கதைக்குள் வந்து வேலை செய்யவில்லை. வேடமிட்ட கூட்டத்துக்காக ஒருமுறை பார்க்கலாம்.

ஜீ5 தளத்தில் உள்ள 'அயலி' (2023) தொடரை, பெண் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். 1990களில் புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை என்ற சிற்றூர். பெண் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவிடுவது அங்கே தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் கட்டுப்பாடு. மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே ஊரிடமிருந்து மறைத்துப் பள்ளிக்குப் போகிறாள். இவ்வளவு கனமான விஷயத்தை இயக்குநர் முத்துக்குமார் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பதுதான் சாதனை. தாயாக நடித்திருக்கும் அனுமோல், மகளுக்குத் துணைபோவதா ஊருக்கு அஞ்சுவதா என்று தவிக்கும் இடங்களில், வசனமே தேவைப்படாமல் முகத்தாலேயே பேசிவிடுகிறார். கடைசிப் பகுதிகளில் மேடைப்பேச்சு சற்று எட்டிப்பார்க்கிறது என்றாலும், எட்டே பகுதிகள் என்பதால் அது சலிப்பாக மாறுவதற்குள் தொடர் முடிந்துவிடும்.

துப்பறியும் கதை மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு எஸ்.ஜே.சூர்யா நடித்த 'வதந்தி' (பிரைம், 2022), விமல் நடித்த 'விலங்கு' (ஜீ5, 2022) ஆகிய இரண்டும் போதும். இரண்டாவது, ஒரு காவல் நிலையத்தின் அன்றாட அலுப்பை மிக நன்றாகக் காட்டுகிறது. ஆனால் குழந்தைகள் தூங்கிய பிறகே போடுங்கள். நான்கே பகுதிகளில் முடியும் ஒன்றைத் தேடுகிறவர்கள், 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த இரவில் ரயில்வே ஊழியர்கள் செய்ததை அடிப்படையாகக் கொண்ட 'தி ரயில்வே மென்' (நெட்பிளிக்ஸ், 2023) தொடரைப் பார்க்கலாம்.

பலரும் கேட்ட 'தலைவெட்டியான் பாளையம்' (பிரைம், 2024) பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'பஞ்சாயத்' என்னும் இந்தித் தொடரைத் திருநெல்வேலிப் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார், 'மர்மதேசம்' எடுத்த நாகா. பட்டணத்து இளைஞன் ஊராட்சிச் செயலராக வருவதும், தலைவராகத் தேர்வான பெண்ணுக்குப் பதிலாக அவர் கணவரே நாற்காலியில் அமர்வதும் நம் பக்கத்திலும் பார்த்துப் பழகியவை என்பதால் கதை பெயர்ந்தும் நிற்கிறது. என் அளவுகோல் இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. தேவதர்ஷினியும் சேத்தனும் வரும் காட்சிகள் தனியாகவே ரசிக்கத்தக்கவை. இந்தித் தொடரை முன்பே பார்த்தவர்கள் அடுத்து வரும் சிரிப்பை முன்கூட்டியே அறிந்திருப்பார்கள் என்பதால், அவர்கள் இதை விட்டுவிட்டு 'அயலி'க்குப் போவது நல்லது. பார்க்காதவர்கள் வீட்டில் பெரியவர்களோடு சேர்ந்து பார்ப்பதற்கு இதையே முதலில் போடலாம்.