புது அலாய், புது டயர்: பிரஷர் சென்சாரை மறந்துவிடாதீர்கள்

புது சக்கரமும் டயரும் மாட்டக் கடைக்குப் போனால், வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்குள்ளும் இருந்து டயரின் காற்றழுத்தத்தை அளந்து வண்டிக்குச் சொல்லும் பழைய பிரஷர் சென்சார்களை, டிபிஎம்எஸ் (டயர் அழுத்தக் கண்காணிப்பு) ஸ்கேனரால் படித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சென்சாரின் எண், காற்றழுத்தம், வெப்பநிலை எல்லாம் திரையில் வரும். பல சென்சார்கள் பேட்டரி நிலையையும் சொல்லும். எது உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்பது டயரைத் தொடும் முன்பே தெரிந்தால், பிறகு கடைக்காரரோடு வாக்குவாதம் வராது. இன்னொரு லாபமும் உண்டு. பழைய எண் கையில் இருந்தால், புது யுனிவர்சல் சென்சாரில் அதே எண்ணைப் பதித்து மாட்டிவிடலாம். வண்டிக்கு மாற்றமே தெரியாது. ஸ்கேனருக்குப் பதில் சொல்லாத சில பழைய சென்சார்களை எழுப்ப, அந்த டயரிலிருந்து 8-10 பிஎஸ்ஐ காற்றைச் சட்டென்று இறக்கிப் பாருங்கள். அழுத்தம் திடீரென்று விழுந்தால் அவை தாமாகவே சிக்னல் அனுப்பும்.

உங்கள் வண்டியில் சென்சார் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டேஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ காட்டினால், சக்கரத்துக்குள் சென்சார் உண்டு. வெறும் விளக்கு மட்டும் எரிகிற வண்டிகளில் பல, ஏபிஎஸ் (பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மூலம் சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டு ஊகிப்பவை. அவற்றில் வாங்கவோ மாற்றவோ ஒன்றும் இல்லை. டயர் மாற்றி, காற்றைச் சரியாக நிரப்பியபின் ரீசெட் கொடுத்தால் போதும். தெரியாமல் நான்கு சென்சார் வாங்கிப் பணத்தை விடாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அலைவரிசை. இந்தியாவில் ஓடும் கார்களுக்கு 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கான சென்சார்களில் நிறைய 315. வடிவம், வால்வு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மாட்டினால் வண்டி கண்டுகொள்ளாது. வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பழையதையே புது அலாயில் மாட்டலாமா என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. சென்சாருக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியை ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள், மாற்ற முடியாது. ஆயுள் பொதுவாக 5 முதல் 10 வருடம். வண்டிக்கு 6 வயது ஆகி, இப்போது மாட்டும் டயரை இன்னும் 4 வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால், பழைய சென்சாரை மறுபடி உள்ளே வைப்பதில் அர்த்தமில்லை. நடுவில் ஒன்று செத்தால் டயரைக் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும், பேலன்ஸிங் செய்ய வேண்டும். அந்தக் கூலி மறுபடியும் உங்கள் தலையில். 2, 3 வருட வண்டி என்றால் தாராளமாகப் பழையதையே மாட்டலாம், ஆனால் சர்வீஸ் கிட் புதிதாக இருக்க வேண்டும்.

அந்தக் கிட்டில் ரப்பர் சீல், வாஷர், நட், வால்வு பின், மூடி இருக்கும். ஒருமுறை இறுக்கிய ரப்பர் அந்த வடிவத்திலேயே நசுங்கிப் போயிருக்கும். புது ரிம்மில் சரியாக உட்காராது. வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வண்டி நிற்கும் பகுதிகளில் இது இரட்டிப்பு முக்கியம். அலுமினிய வால்வின் நட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது உப்புக்காற்றின் அரிப்பு. இதில் பலரும் செய்யும் தவறு வால்வு பின்னில்தான். சாதாரணப் பித்தளைப் பின்னை அலுமினிய வால்வில் போட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப் பின்னோடு பிடித்துக்கொள்ளும். பிறகு பின்னைத் திருகினால் வால்வே முறியும். நிக்கல் பூச்சுள்ள பின்தான் வேண்டும். மூடியும் அப்படித்தான்: உள்ளே சீல் உள்ள பிளாஸ்டிக் மூடி போதும். அழகுக்குப் போடும் உலோக மூடி இறுகிப்போய், காற்று அடிக்கத் திறக்கும்போது தண்டோடு வந்துவிடும்.

கடையில் வாங்கும் அலாயின் வால்வு துளை சுமார் 11.5 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான சென்சார்கள் பொருந்தும். சென்சாரின் உடல் ரிம்மின் உட்பள்ளத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறதா என்று டயர் ஏற்றும் முன் கையால் தடவிப் பாருங்கள். இடித்தால், கோணம் மாற்றக்கூடிய வால்வு உள்ள சென்சார் வாங்க வேண்டும்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அலுமினிய வால்வின் நட்டுக்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 4 முதல் 8 நியூட்டன் மீட்டர். சரியான அளவு சென்சாரோடு வரும் தாளில் இருக்கும். ரப்பர் வால்வில் சென்சாரைப் பிடிக்கும் சிறு டார்க்ஸ் ஸ்க்ரூவுக்குச் சுமார் 1.4 மட்டுமே. ஏர் கன் வைத்து இறுக்கினால் வால்வில் விரிசல் விடும். காற்று அடித்தபின் சோப்புத் தண்ணீரில் குமிழி வந்தால், மேலும் இறுக்காதீர்கள். காற்றை இறக்கி, சீலை மாற்றுங்கள்.

சென்சார்கள் உடைவது பெரும்பாலும் டயர் கழற்றி மாட்டும் மெஷினில்தான். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பெயர்க்கும் தட்டு, வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விழ வேண்டும். புது டயர் ஏற்றும்போது மெஷின் தலை 12 மணியில் இருந்தால் வால்வு 5 மணி இடத்தில் இருக்கட்டும். டயரின் இறுகிய பகுதி சென்சாருக்கு மேல் ஏறாது. ரோட்டோரப் பஞ்சர் கடையில் கடப்பாரையும் சுத்தியலும்தான் ஆயுதம். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் உதிர்த்த கம்பி குத்தி அங்கே நிற்க நேர்ந்தால், வால்வைக் காட்டி "அண்ணே, உள்ளே சென்சார் இருக்கு, இந்தப் பக்கம் லீவர் போடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றாமலே திரி வைத்து அடைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றினால் சென்சாரின் அழுத்தத் துளை அடைத்துக்கொண்டு தவறான அளவைக் காட்டும்.

யுனிவர்சல் சென்சாரில் எண் பதிக்கும்போது மற்ற புது சென்சார்களை மேசையில் பக்கத்திலேயே பரப்பி வைக்காதீர்கள். ஒரே எண் இரண்டில் ஏறிவிடும். இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

புது எண்கள் என்றால் வண்டிக்குச் சொல்லித்தர வேண்டும். சில மாடல்கள் ஓட்டத்திலேயே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் ஒவ்வொரு சக்கரமாக ஸ்கேனரைக் காட்ட வேண்டும். சிலவற்றில் ஓபிடி போர்ட் (வண்டியில் ஸ்கேனரைச் செருகும் இடம்) வழியாக எண்ணை எழுத வேண்டும். வாங்கும் முன்பே உங்கள் மாடல் எந்த ரகம், கடையில் அதற்கான கருவி உண்டா என்று கேளுங்கள். ஓட்டத்தில் கற்கும் ரகமாக இருந்தால், வண்டியைச் சுமார் 20 நிமிடம் அசையாமல் நிறுத்தி, பிறகு மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் 10 முதல் 20 நிமிடம் நிற்காமல் ஓட்ட வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு லாரிகள் வரிசை கட்டும் நேரத்தில் இது நடக்காது. மாதவரம் தாண்டி செங்குன்றம் பக்கம் ஜி.என்.டி. சாலையோ, மீஞ்சூரிலிருந்து போகும் வெளிவட்டச் சாலையோ சரியாக இருக்கும்.

காற்றை டயர் ஆறியிருக்கும்போது, காலையிலேயே, கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள். வெப்பம் 5-6 டிகிரி கூடினால் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். நண்பகலில் சூடான டயரில் 33 வைத்தால், விடிகாலையில் அது 30-க்குக் கீழே போயிருக்கும். பல வண்டிகளில் அழுத்தம் 25 சதவீதம் அளவுக்குக் குறைந்த பிறகுதான் விளக்கு எரியும், அதனால் விளக்கை நம்பி மாதமொரு முறை கேஜ் வைத்துப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். விளக்கு ஒரே சீராக எரிந்தால் காற்று குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் சென்சாரோ கற்பித்தலோ கோளாறு. சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டியிருந்தாலும் இதே மினுக்கல்தான் வரும்.