டயர் கில்லர் வாங்குகிறீர்களா? கொட்டேஷனில் வராத சங்கதிகள்

ஒரகடம் பக்கம், நாற்பதடி கன்டெய்னர் டிரெய்லர்கள் வந்துபோகும் ஒரு கிடங்கின் வாசலுக்கு டயர் கில்லர் (அத்துமீறும் வண்டியின் டயரைக் கிழிக்கும் இரும்புப் பல் தடுப்பு) போட்டு முடித்த சூட்டோடு எழுதுகிறேன். பூம் பேரியர் ஏற்கெனவே இருந்தது. அதன் கம்பத்தை முட்டித் தள்ளிவிட்டுப் போகிற வண்டியைப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்பதுதான் தேவை. மேலிடத்து ஒப்புதல், பட்ஜெட் எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. கொட்டேஷன்கள் வந்து சேர்ந்த பிறகுதான் தலைவலி.

சந்தையில் இரண்டு ரகம். ஸ்பிரிங் பல் வைத்த ஒருவழி ரகம் மலிவு, மின்சாரம் வேண்டாம். ஒரு திசையில் போனால் பல் மடங்கும், எதிர்த்திசையில் வந்தால் டயரைக் கிழிக்கும். மோட்டார் அல்லது ஹைட்ராலிக்கில் எழும்பி இறங்குவது இன்னொன்று. மலிவானதை உள்வாசல் (வண்டி உள்ளே வரும் வழி), வெளிவாசல் (வெளியேறும் வழி) இரண்டிலும் போட்டுவிடலாம் என்று ஒரு சப்ளையர் அடம்பிடித்தார். உள்வாசலில் அது தொல்லை. டிரெய்லர் ஓட்டுபவர் வளைவு சரியாக விழாமல் அரை மீட்டர் பின்னால் எடுத்தாலே டயர் போச்சு. கேட் பாஸ் சரியில்லை என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பும் வண்டி எப்படி ரிவர்ஸ் எடுக்கும்? அதனால் வெளிவாசலில் ஸ்பிரிங் பல், உள்வாசலில் மோட்டார் ரகம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பல் மீது மணிக்கு சுமார் 8 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. முன்னாலேயே ஒரு வேகத்தடை கட்டாயம். இல்லாவிட்டால் லாரிகள் ஃப்ரேமின் மேலேயே பிரேக் பிடித்து ஆங்கர் போல்ட்டுகளை ஆட்டிவிடும்.

அடுத்தது சர்டிஃபிகேட். ஒரு கொட்டேஷனில் ‘எம்30’ என்று இருந்ததைப் பார்த்து பர்ச்சேஸ் பிரிவு மகிழ்ந்துவிட்டது. அது அடித்தளக் கான்கிரீட்டின் கிரேடு! மோதல் சோதனையின் எம்30 வேறு: அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் எஃப்2656 தரப்படி 6,800 கிலோ லாரி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதுவது. அதோடு பி1, பி2, பி3 என்ற ஊடுருவல் அளவும் இருக்க வேண்டும். பி1 என்றால் வண்டி 1 மீட்டருக்குள் நிற்கும், பி3 என்றால் 30 மீட்டர் வரை உள்ளே போகலாம். கேட்டபின் அந்த சப்ளையர் அனுப்பிய சோதனை அறிக்கையோ வேறு அகலம், வேறு அஸ்திவாரம் கொண்ட மாடலுக்கானது. அறிக்கையில் உள்ள மாடல் எண்ணும் அஸ்திவார வரைபடமும் உங்களுக்கு வரப்போகும் பொருளோடு பொருந்தாவிட்டால் அது வெறும் காகிதம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பெரும்பாலான டயர் கில்லர்கள் வண்டியை நிறுத்துவதில்லை, டயரைக் காலி செய்கின்றன. பாரம் ஏற்றிய லாரி ரிம்மிலேயே வெகுதூரம் உருண்டு போகும். தடுப்புக்குப் பின்னால் நேர்க்கோட்டில் டீசல் டேங்கோ ஆட்கள் நிற்கும் இடமோ இருந்தால் மோதலைத் தாங்கும் என்று சோதித்த (கிராஷ் ரேட்டிங் உள்ள) பொல்லார்டு எனும் தடுப்புத் தூண் அல்லது ரோடு பிளாக்கர் எனும் எழும்பும் தடுப்புச் சுவர் பக்கம் போங்கள்.

‘40 டன் தாங்கும்’ என்ற வரியையும் நம்ப வேண்டாம். மேல்தட்டுக்குக் கணக்கு அச்சுப் பாரம்தான், அதாவது ஓர் ஆக்ஸில் தரையில் இறக்கும் எடை. அரசின் 2018 திருத்தத்துக்குப் பின் சட்டப்படியான உச்சவரம்பு நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 11.5 டன், இரட்டை அச்சுக்கு 21 டன். ஓவர்லோடுக்கு இடம் விட்டு, அச்சுக்கு இத்தனை டன் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். கால்வனைசிங் (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு) என்றால் ஹாட் டிப், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது, என்று குறிப்பிடுங்கள். வெறுமனே விட்டால் சில்வர் பெயின்ட் வரும்.

டயர் கில்லரைப் பதிக்கும் குழிதான் உண்மையான செலவு. சப்ளையரின் வரைபடத்தில் குழியிலிருந்து ஓர் அம்புக்குறி, ‘இருக்கும் வடிகாலுக்கு’ என்று. லெவல் எடுத்துப் பார்த்தால் மழைநீர் வடிகாலின் அடிமட்டம் குழியின் அடியைவிட உயரம். தண்ணீர் மேல்நோக்கி ஓடுமா? தனி சம்ப், ஃப்ளோட் ஸ்விட்ச் (நீர் ஏறினால் தானே பம்பை ஓட்டும் மிதவை ஸ்விட்ச்) வைத்த பம்ப், சேறு தங்க ஒரு சிறு தொட்டி எல்லாம் சேர்ந்தன. எதுவும் கொட்டேஷனில் இல்லை. குழிக்குள் இருக்கும் மோட்டாருக்கு ஐபி67 (தூசும் தண்ணீரும் புகாத தரம்) கேளுங்கள். கன்ட்ரோல் பேனலை வெள்ளம் ஏறாத உயரத்தில் மேடை கட்டி வையுங்கள். கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது லாரி ஏறக் கூடாது, முழு பலத்துக்கு 28 நாள். ஒரு லேன் முடித்த பிறகே அடுத்ததைத் தோண்டவிடுங்கள்.

இனி வருவதுதான் ஆபத்தான இடம். தரையில் பதிக்கும் லூப் (மேலே வண்டி இருப்பதை உணரும் ஒயர் வளையம்), தன் குறுகிய பக்கத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரைதான் உலோகத்தை உணரும். ஒரு மீட்டர் அகல லூப் போட்டால் கார் தெரியும். டிரெய்லரின் இழுவை வண்டி தாண்டியதும், பின் அச்சுகள் வரும்வரை மேலே இருப்பது உயரமான சேசிஸ் மட்டுமே. லூப் ‘வண்டி போய்விட்டது’ என்று முடிவு செய்யும், பல் எழும்பும், பின்னால் வருகிற டயர் வரிசை முழுக்கக் கிழியும். குறுகிய பக்கம் 1.8 மீட்டர் வையுங்கள், தடுப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. கூடவே ஃபோட்டோசெல் (குறுக்கே போகும் ஒளிக்கற்றை மறைந்தால் உணரும் கருவி) இரண்டு உயரத்தில்: தாழ்ந்தது காருக்கு, உயர்ந்தது சேசிஸுக்கு. நான்கும் காலி என்று சொன்னால்தான் பல் எழும்ப வேண்டும். பல்லைத் தானாக எழுப்பி வழியை மூடும் டைமரை அணைத்துவிடுங்கள். லூப்பிலிருந்து பேனலுக்குப் போகும் ஒயரை மீட்டருக்கு 20 முறுக்காவது முறுக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் முறுக்காமல் விட்டதால் பக்கத்து மோட்டார் ஓடும்போதெல்லாம் பொய் சிக்னல் வந்தது, ஒயரை மாற்றித்தான் தீர்ந்தது. லூப்பின் மூலைகளை 45 டிகிரியில் வெட்டச் சொல்லுங்கள், நேர்மூலையில் இன்சுலேஷன் அறுந்துவிடும்.

பைக்குகளுக்குத் தனி வழி விடாமல் இதைப் போடவே கூடாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நனைந்த இரும்புத் தட்டில் பைக் சறுக்கும், பல் எழும்பியிருந்தால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டிக்காக வாசல் அகலம் குறைந்தது 6 மீட்டர் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கேபினெட்டும் ஓரக்கல்லும் (கர்ப்) அதைத் தின்றுவிடாமல் பாருங்கள். ஃபயர் பேனலிலிருந்து ஒரு சிக்னல் வந்தால் பல் தானே இறங்க வேண்டும். கரண்ட் போனால் கையால் இறக்கும் முறையை இரவு ஷிஃப்ட் செக்யூரிட்டி அண்ணன் செய்து காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

தொழிற்கூடச் சோதனைக்கு அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் பேனலே வந்திருக்கவில்லை, பல்லைக் கையால் தூக்கிக் காட்டினார்கள். பேனலோடு ஓடும் வீடியோ வராமல் கிளம்பாதீர்கள்.

தொகையில் பத்து சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை பிடித்துவைப்பதாக நிபந்தனை போடுங்கள். சப்ளையர் முணுமுணுப்பார், ஒப்புக்கொள்வார். இங்கே முதல் பெருமழையிலேயே ஃப்ளோட் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டு குழி நிரம்பியது. போன் போட்டதும் மறுபேச்சில்லாமல் ஆள் வந்து மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகே பாக்கி செக் போனது.