குண்டுச் சத்தம் யார் போட்டது?

ஆவணப்படங்களுக்குத் தமிழ் வர்ணனை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டாம் உலகப் போரின் எல் அலமெய்ன் சண்டை பற்றிய படம் என் கைக்கு வந்தது. எகிப்தின் பாலைவனம், 1942 அக்டோபர் 23, இரவு 9.40. பிரிட்டனின் எட்டாவது ராணுவம் ஏறக்குறைய 900 பீரங்கிகளை ஒரே நேரத்தில் வெடிக்கவிட்ட இடம். அதற்கு நாலு வரி முறுக்கி எழுதியிருந்தேன்.

சவுண்டு எஞ்சினியர் படித்துவிட்டு, "சார், இங்க பேசாம விட்டுடுங்க. குண்டு நான் போட்டுக்கறேன்" என்றார்.

"ஏன், ஒரிஜினல்ல சத்தம் இல்லையா?"

சிரித்தார். போர்முனைக்குப் போன ராணுவப் படப்பிரிவின் கேமராக்கள் ஊமை. ஒரு சுருள் ஒரு நிமிடம் சொச்சம் ஓடும். நாம் கேட்கிற வெடியெல்லாம் பிறகு சேர்த்தது. காட்சியிலும் கதை உண்டு. இதே சண்டையைப் பற்றி 1943இல் வந்து ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படமான ‘டெசர்ட் விக்டரி’யில் இரவுத் தாக்குதலின் சில நெருக்கக் காட்சிகள் லண்டன் அருகே பைன்வுட் ஸ்டூடியோவில் எடுத்தவை. அன்றைய பிலிமுக்கு இருட்டில் பீரங்கியின் பளிச்சென்ற நெருப்புதான் தெரியும், முகம் தெரியாது. அதன்பிறகு வெளிச்சம் அழகாக விழுந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சேனல்காரர்கள் விளம்பரத்துக்கு எதிரணியின் ஜெர்மன் தளபதி ரோமலைக் கேட்டார்கள். ரோமலோ அன்றிரவு ஆப்பிரிக்காவிலேயே இல்லை. உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போனவர் 25ஆம் தேதிதான் திரும்பினார். சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூல வர்ணனையில் எங்கு பார்த்தாலும் 'பிரிட்டிஷ் வீரர்கள்'. அந்தப் படையில் ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர், தென்னாப்பிரிக்கர், இந்தியர், கிரேக்கர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் இருந்தார்கள். கண்ணிவெடி அகற்றும் காட்சி ஒன்று: மணலில் குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியால் பூமியைக் குத்திக் குத்தி நகர்கிறார்கள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. எந்த நாட்டு முதுகு என்று எப்படிச் சொல்வது? இந்திய 4ஆவது டிவிஷனோடு, ராணுவத்தின் பொறியியல் பிரிவினரான மதராஸ் சாப்பர்களும் வட ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். ராணுவத்தில் அவர்களுக்கு இன்றும் 'தம்பி' என்றுதான் பெயர். இதைச் சொல்லும் ஒரு வரி சேர்த்தேன். இது அவர்கள்தான் என்று எழுதவில்லை, அந்த எச்சரிக்கை எனக்கு இருந்தது.

'மூலத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம்' என்ற குறிப்போடு அந்த வரி அடிபட்டுத் திரும்பி வந்தது.

ஆறு விநாடி காலி.

"இங்க என்ன சார் போடறது?" என்றார் எஞ்சினியர்.

"காத்து போடுங்க."

போட்டார்.